ஆப்பிரிக்க ஆறுகளில் புலிமீன் தூண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாம்பேசி ஆற்றுக்குத் தூண்டிலோடு போகலாமா, என்ன எடுத்துப் போகணும், எப்போது போகணும் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பகுதி டைகர்ஃபிஷ் என்கிற புலிமீனைப் பற்றியது. கடைசியில் நைல் பெர்ச், வுண்டு போன்ற மற்ற வேட்டை மீன்களும் வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மீனின் வாய் எப்படிப்பட்டது என்று புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

புலிமீன் என்பது எந்த மீன்?

ஹைட்ரோசைனஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க நன்னீர் மீன்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர்தான். தூண்டில்காரர்கள் வெறுமனே 'டைகர்' என்று சொன்னால் பெரும்பாலும் ஹைட்ரோசைனஸ் விட்டேட்டஸ் என்ற இனத்தைச் சொல்கிறார்கள். ஜாம்பேசி, ஒகவாங்கோ, லிம்போபோ ஆறுகளில் இருப்பது அதுதான். வெள்ளி உடம்பு, தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் கறுப்புக் கோடுகள், சிவப்பும் ஆரஞ்சுமாகத் துடுப்புகள். மேல் ஜாம்பேசியில் லோசி மொழி பேசுபவர்கள் இதை ங்வேஷி என்பார்கள்.

காங்கோ ஆற்றில் இதன் ராட்சத உறவு இருக்கிறது, கோலியாத் டைகர். அதற்குத் தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். தான்சானியாவின் ருஃபிஜி ஆற்றுப்படுகையில் நீலச் சாயல் கொண்ட ஓர் இனம் உண்டு. நைல், நைஜர் பக்கம் வேறு இனங்கள். தென் அமெரிக்காவின் பிரான்யாவுக்கு இவை தூரத்துச் சொந்தம், இரண்டும் ஒரே வரிசையில் வருகின்றன.

பல் நிஜமாகவே அவ்வளவு கூர்மையா?

ஆமாம். வாயை மூடியிருந்தாலும் பற்கள் வெளியே தெரியும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றுக்கொன்று இடையில் புகுந்து பூட்டிக்கொள்ளும். பழைய பற்கள் தேய்ந்தால் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும்.

ஆனால் பல்லைவிட முக்கியம் அதன் பின்னால் இருக்கும் எலும்பு. தாடை முழுக்க கட்டியான எலும்பு, மேலே மெல்லிய தோல். தூண்டில் முள் ஏறுவதற்குச் சதை என்று பார்த்தால் வாயின் ஓர மடிப்பிலும் அங்கங்கே சில இடுக்குகளிலும்தான் இருக்கிறது. ஒரு பெரிய புலிமீனைப் படகுக்கு அருகே கொண்டுவந்து தூண்டில் முள் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் தோலில் ஒரு நூலளவு பிடிப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். வலைக்குள் வந்ததும் தானாகவே கழன்று விழும்.

பறக்கும் பறவையைப் பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்கும். தென்னாப்பிரிக்காவின் வடகோடியில், மாபுங்குப்வே பக்கத்திலுள்ள ஷ்ரோடா அணையில், தாழப் பறந்த தகைவிலான் குருவிகளைப் புலிமீன்கள் தண்ணீரிலிருந்து துள்ளிப் பிடிப்பதை ஆராய்ச்சியாளர்கள் படம் பிடித்து 2014இல் வெளியிட்டார்கள். சில மீன்கள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பறவையைத் துரத்திப் போய்ப் பிடித்தன, சில ஆழத்திலிருந்து நேராக எம்பின. எல்லா இடத்திலும் நடப்பது இல்லை இது. ஆனால் இந்த மீனின் கண்ணும் வேகமும் எப்படிப்பட்டவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதல் தடவை போகிறவர் எங்கே போகலாம்?

என்னைக் கேட்டால் விக்டோரியா அருவிக்கு மேலே உள்ள ஜாம்பேசி. ஜாம்பியாவின் செனாங்கா, சியோமா பக்கமும், நமீபியாவின் கட்டிமா முலிலோ தொடங்கி இம்பாலிலா தீவு வரையிலும் நல்ல இடங்கள். சோபே ஆறு ஜாம்பேசியில் சேரும் இடம் இம்பாலிலா. நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே நான்கும் அங்கே கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. வெள்ளம் வடிந்ததும் தண்ணீர் தெளிந்து மணல் திட்டுகள் வெளியே தெரியும். எங்கே ஆழம், எங்கே திட்டின் ஓரம், எங்கே நீர்ச்சுழல் என்று கண்ணாலேயே படிக்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய வசதி.

கரிபா ஏரி வேறு மாதிரி. ஜாம்பேசியின் குறுக்கே 1950களின் பிற்பகுதியில் அணை கட்டி உண்டான ஏரி, நீளமே 220 கிலோமீட்டருக்கு மேல். அது நிரம்பிய பிறகு, 1967-68இல் டாங்கனிகா ஏரியிலிருந்து கபெண்டா என்ற சின்ன மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நம்முடைய சாளை, மத்தி குடும்பத்து மீன், விரல் நீளம்தான் இருக்கும். அது கோடிக்கணக்கில் பெருகியது, அதைத் தின்று புலிமீனும் பெருகியது. ராத்திரியில் கபெண்டா பிடிக்கும் தோணிகள் விளக்கைத் தண்ணீருக்கு நேராகத் தொங்கவிட்டுக் காத்திருக்கும். அந்த வெளிச்ச வட்டத்தின் ஓர இருட்டில் புலிமீன்கள் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த இனத்தில் தூண்டிலில் பிடித்த உலகச் சாதனை மீன், 16.1 கிலோ, 2001இல் இந்த ஏரியின் சன்யாட்டி பள்ளத்தாக்கில்தான் கிடைத்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து கரிபாவில் புலிமீன் போட்டியும் நடக்கிறது. வழக்கமாக அக்டோபரில்.

அணைக்குக் கீழே, ஜிம்பாப்வே கரையில் மானா பூல்ஸ், எதிர்க்கரையில் ஜாம்பியாவின் கீழ் ஜாம்பேசி தேசியப் பூங்கா. அழகில் அதற்கு ஈடு கிடையாது. யானைகள் ஆற்றைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே தூண்டில் போடலாம். தான்சானியாவில் கிலோம்பெரோ சமவெளியின் ம்ன்யேரா, ருஹுட்ஜி ஆறுகள் பெரிய மீனுக்குப் பேர்போனவை. அங்கே போய்ச் சேருவது சிரமம், பணமும் அதிகம். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆப்பிரிக்க ஆறு என்றாலே புலிமீன் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாம்பியாவின் கஃபுவே ஆறு ஜாம்பேசியில்தான் சேர்கிறது, ஆனாலும் கஃபுவே பள்ளத்தாக்குக்கு மேலே புலிமீன் கிடையாது. மலாவி ஏரியிலும் கிடையாது, அங்கிருந்து ஜாம்பேசிக்கு இறங்கும் ஷிரே ஆற்றின் அருவிகள் தடுத்துவிட்டன. கஃபுவேயில் அதற்குப் பதில் ஆப்பிரிக்கப் பைக் என்ற ஒளிந்திருந்து பாயும் மீன் நிறைய. அதுவும் நல்ல விளையாட்டுதான், ஆனால் நீங்கள் தேடிப் போனது வேறு.

எந்த மாதம் சரி?

மேல் ஜாம்பேசிக்கு ஆகஸ்ட் பின்பாதி முதல் நவம்பர் வரை. அங்கோலாவிலும் ஜாம்பியாவிலும் பெய்த மழை பரோட்ஸே சமவெளியை நிரப்பி ஏப்ரல் வாக்கில் உச்சத்துக்கு வரும். அப்போது மீன்கள் புல்வெளி எங்கும் பரவியிருக்கும், தேடவே முடியாது. தண்ணீர் இறங்க இறங்கச் சின்ன மீன்கள் வெள்ளக்காட்டிலிருந்து ஆற்றுக்குள் திரும்பி வர வேண்டியிருக்கும். அந்த வாய்க்கால் வாசல்களில் புலிமீன் காத்திருக்கும். ஜூன், ஜூலையில் ஆறு அழகாக இருக்கும், ஆனால் குளிர். தண்ணீர் குளிர்ந்தால் மீன் மந்தமாகிவிடும்.

செப்டம்பர், அக்டோபரில் வெயில் வாட்டி எடுக்கும். கரிபாவிலும் கீழ் ஜாம்பேசியிலும் மத்தியானம் தாங்கவே முடியாது. மீன் நன்றாகக் கடிக்கும் காலமும் அதுதான் என்பதால் வேறு வழியில்லை. விடிகாலையில் கிளம்பி, பத்து பதினொரு மணிக்குக் கரையேறி, நாலு மணிக்கு மறுபடி இறங்குவதுதான் எல்லோருடைய வழக்கமும்.

நம் கடலில் இருப்பதுபோல அங்கேயும் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. ஜாம்பியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடியும் வரை பெரும்பாலான ஆறுகளில் தூண்டில்கூடப் போடக் கூடாது. கரிபாவுக்கும் டாங்கனிகாவுக்கும் விலக்கு உண்டு. மீன்கள் மழைக்கு ஆற்றில் ஏறி முட்டையிடும் சமயம் அது. விடுதிக்காரர் 'பரவாயில்லை, வாங்க' என்று சொன்னாலும் போகாதீர்கள்.

கெளுத்தி ஓட்டம் என்று ஒன்றைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்களாமே?

போட்ஸ்வானாவில், ஒகவாங்கோவின் வடக்கு முனையில், ஷகாவே ஊர் பக்கம், நாணல்போல அடர்ந்த பப்பைரஸ் காட்டுக்கு நடுவே ஆறு ஒற்றைத் தடமாக ஓடும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, தண்ணீர் குறைந்ததும், ஆயிரக்கணக்கான கெளுத்திகள் கூட்டமாகச் சேர்ந்து ஆற்றின் மேல்நோக்கி வேட்டையாடிக்கொண்டே நகரும். பப்பைரஸ் வேர்களுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மீன்களை, முக்கியமாக நீள மூஞ்சி உள்ள மோர்மிரிட் மீன்களை, வாலால் அடித்து வெளியே விரட்டும்.

கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும் இது. தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம், 'சப் சப்' என்று வாய் உறிஞ்சும் ஓசை, வால் அடிகள். மேலே பப்பைரஸ் தண்டுகள் காற்றே இல்லாமல் ஆடும். வெள்ளைக் கொக்கும் நாரையும் வரிசையாக உட்கார்ந்து எட்டி எட்டிக் கொத்தும். கெளுத்தியிடமிருந்து தப்பி ஆற்று நடுவுக்கு ஓடிவரும் மீனுக்காகப் புலிமீன் வெளிவட்டத்தில் சுற்றும். படகைக் கொஞ்சம் கீழே நிறுத்தி, கூட்டத்தின் ஓரமாகத் தூண்டில் போட வேண்டும், கூட்டத்துக்குள்ளே போட்டால் கெளுத்திதான் மாட்டும். ஆற்றுத் தூண்டிலில் இதற்கு மேல் ஒரு காட்சி எனக்குத் தெரியாது. மீன் ஒன்றும் மாட்டாவிட்டாலும் போய்ப் பார்க்க வேண்டியது.

தூண்டில் சாமான் என்னென்ன வேண்டும்?

ஏழடிக் கம்பு, நடுத்தரத்துக்குச் சற்று மேலான வலு. நரம்பு சுற்றும் ரீல் பெய்ட்காஸ்டிங்கோ ஸ்பின்னிங்கோ, பழகியது எதுவோ அது. தங்கூசி நரம்பு இழுத்தால் நீளும், எலும்பு வாயில் முள்ளை ஏற்றும் வேகம் அந்த நீட்சியிலேயே போய்விடும். அதனால் நீளாத பின்னல் நரம்பு, 30 முதல் 50 பவுண்டு வரை.

கம்பி கட்டாயம். கடைசி ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்கு உலோகக் கம்பி இல்லாவிட்டால் எந்த நரம்பானாலும் ஒரே கடியில் அறுந்துவிடும். மீன் வாயில் முள்ளோடு போய்விடும், அதுதான் பெரிய பாவம். முடிச்சுப் போடக்கூடிய மெல்லிய பின்னல் கம்பி இப்போது கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

முள்ளைத் தீட்டும் சின்ன அரம் ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். நகத்தின்மேல் முள்ளின் நுனியை வைத்து லேசாக இழுத்தால் வழுக்காமல் பதிய வேண்டும். வழுக்கினால் தீட்டணும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு கல் மோதலுக்குப் பிறகும். லூர் என்கிற பொய் இரைகளில் மூன்று முள் கொத்தாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டிக்கொள்வது என் பரிந்துரை. பிடிப்பு அப்படியொன்றும் குறையாது, கழற்றுவது பத்து மடங்கு சுலபம். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

லூர், இரை, ஃபிளை, எது நல்லது?

மீன் எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் இரை. மீன் துண்டையோ கபெண்டாக் கொத்தையோ முள்ளில் கோத்து, மோட்டாரை அணைத்துவிட்டுப் படகை ஓட்டத்தோடு விட்டு மிதக்கலாம். கரிபாவில் பலரும் இப்படித்தான். இதில் ஒரு குறை, மீன் இரையை விழுங்கிவிட்டால் முள் தொண்டையில் ஏறிவிடும், அந்த மீன் பிழைப்பது கஷ்டம்.

லூர் வீசுவது இன்னும் சுறுசுறுப்பான வேலை. செம்பு நிறக் கரண்டி, சுழலும் ஸ்பின்னர், நீரில் மூழ்கி நெளியும் மீன் வடிவ லூர், மூன்றும் காலங்காலமாக வேலை செய்கின்றன. ஃபிளை என்பது இறகும் நூலும் வைத்துக் கட்டிய இலேசான பொய் இரை. அதற்கு எட்டு அல்லது ஒன்பதாம் எண் கம்பு, மூழ்கும் கயிறு, கண்ணில் ஈயம் கட்டிய கிளவுசர் மாதிரியான ஃபிளை. கறுப்பு, சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் அங்கே பிரபலம். ஃபிளையில் மீன் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் கடிப்பதை விரலிலேயே உணர்வது அதில் மட்டும்தான் என்று அதைப் பழகியவர்கள் சொல்வார்கள், எனக்கும் அதே எண்ணம்.

கடிக்கிறது, துள்ளுகிறது, கழன்றுவிடுகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?

ஒருவேளை எதுவுமே இல்லை. புலிமீன் தூண்டிலில் மாட்டும் மீனைவிடத் தப்பும் மீன் எப்போதும் அதிகம். பத்திருபது வருடம் இதையே தொழிலாகச் செய்யும் வழிகாட்டிகளுக்கும் அப்படித்தான். காரணம் அந்த எலும்புதான். முள் எங்கும் ஏறாமல் இரண்டு தாடைக்கு நடுவே நசுங்கிப் பிடிபட்டிருக்கும். மீன் வாயைத் திறந்ததும் அவ்வளவுதான்.

கடி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் கொஞ்சம் உதவும். மெல்லக் கொத்திப் பார்க்கும் பழக்கம் இதற்குக் கிடையாது. பக்கவாட்டில் வந்து வெட்டும். கையில் ஓர் அடி விழுந்தது போலக் கம்பு குலுங்கும், நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒருபுறம் ஓடும், நீங்கள் மூச்சு விடுவதற்குள் முப்பதடி தள்ளி மீன் ஆகாயத்தில் இருக்கும். உடம்பை வளைத்துத் தலையை இரண்டு பக்கமும் உதறும். செவுள் மூடிகள் படபடவென்று அடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். முதல் துள்ளலில்தான் பெரும்பாலான மீன்கள் போகும்.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். கடித்ததும் கம்பை மேலே தூக்காமல், தாழ்வாகப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுங்கள். ஒரு முறை போதாது, இரண்டு மூன்று முறை. ஃபிளை என்றால் கம்பைத் தொடவே வேண்டாம், கையில் இருக்கும் கயிற்றைச் சுண்டி இழுத்தால் போதும். அப்புறம் நரம்பு ஒரு நொடிகூடத் தொய்யக் கூடாது. மீன் உங்களை நோக்கி ஓடிவந்தால் பேய் பிடித்த மாதிரி ரீலைச் சுற்றுங்கள். கம்பின் நுனியைத் தாழ்த்தியே வைத்தால் துள்ளலும் கொஞ்சம் குறையும். இவ்வளவும் செய்த பிறகும் கழன்றால் முள்ளின் நுனியைப் பாருங்கள். அநேகமாக மழுங்கியோ வளைந்தோ இருக்கும்.

பிடித்ததை விட்டுவிடத்தான் வேண்டுமா?

விடுதி, முகாம் வழியாகப் போனால் பெரும்பாலான இடங்களில் புலிமீனை விட்டுவிடுவதுதான் விதி. விதியே இல்லாத இடத்திலும் விட்டுவிடுங்கள். பெரிய மீன்கள் எல்லாம் பெண் மீன்கள். அந்த அளவுக்கு வளரப் பல வருடங்கள் ஆகும். ஆற்றுக்கு முட்டை தருவது அவைதான்.

விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது, இதை அவசரமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். புலிமீன் பார்க்க முரடு. ஆனால் கையாளும்போது இது மிகவும் மென்மையான மீன். முழு பலத்தையும் போட்டுச் சண்டையிட்டுக் களைத்துப் போய்த்தான் வரும். மீன் நன்றாகக் கடிக்கும் அக்டோபரில் தண்ணீர் சூடாக இருக்கும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் இலேசான கம்பை வைத்து நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டுவது வீரம் அல்ல. வலுவான சாமான் வைத்துச் சீக்கிரம் கொண்டுவாருங்கள்.

ரப்பர் பூசிய, முடிச்சில்லாத வலையில் ஏந்தி, வலையைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். நீள மூக்கு இடுக்கியால் முள்ளைத் திருப்பிக் கழற்றுங்கள், விரல் அருகில் போகவே வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு ஒரு கையால் வாலின் அடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்கி, கேமரா தயார் என்று சொன்ன பிறகே தூக்குங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் மீனுக்கும். தாடையைக் கவ்வும் கருவியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உடம்பின் பாரம் முழுக்கத் தாடையிலும் முதுகிலும் இறங்கும். எடை வேண்டுமென்றால் வலையோடு நிறுத்து வலையின் எடையைக் கழியுங்கள்.

பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்திருங்கள். செவுள் ஒழுங்காகத் திறந்து மூடி, அதுவே உங்கள் கையை உதறிக்கொண்டு போக வேண்டும். மீன்பிடிக் கழுகு மரத்தில் உட்கார்ந்திருந்தாலோ பக்கத்தில் முதலை இருந்தாலோ படகை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு விடுங்கள்.

சாப்பிட நன்றாக இருக்குமா?

முள் அதிகம். ஆற்றங்கரை மக்கள் கருவாடாகவும் புகையிட்டும் சாப்பிடுகிறார்கள். விடுதிகளில் தட்டில் வருவது 'பிரீம்' என்று அங்கே சொல்லும் மீன், நம்மூர்க் குளங்களுக்கும் வந்துசேர்ந்த ஜிலேபிக் கெண்டையின் சொந்தக்காரர்கள். சுவைக்கு அதுவே மேல்.

கோலியாத் டைகர் பிடிக்கப் போகலாமா?

தூண்டிலில் பிடித்த சாதனை மீன் 44 கிலோ, 1988இல் காங்கோ ஆற்றில். அங்கே அதை ம்பெங்கா என்கிறார்கள். அமேசானுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிக நீர் பாயும் ஆறு காங்கோ. கீழ்ப்பகுதியில் 200 மீட்டருக்கு மேல் ஆழம். பேரருவி போன்ற ஓட்டங்களின் ஓரத்தில், சுழல்களுக்கு அடியில் இருக்கும் மீன் இது. பெரிய உயிர் இரை, தடித்த கம்பி, நாள்கணக்கில் காத்திருப்பு. பயண ஏற்பாடுகள், பாதுகாப்பு, அனுமதி எல்லாமே கடினம். ஆசை இருப்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் ஜாம்பேசியில் ஒரு புலிமீனைக்கூடப் பிடிக்காதவர் நேராகக் காங்கோவுக்குப் போவதில் அர்த்தமில்லை.

நைல் பெர்ச்?

நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவின் நெருங்கிய உறவு, இரண்டும் லேட்டஸ் என்ற ஒரே பேரினம். கொடுவாவைத் தெரிந்தவர் நைல் பெர்ச்சைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வார், அதே கூன் முதுகு, அதே பெரிய வாய். அளவு மட்டும் வேறு. சாதனை மீன் 104 கிலோவுக்கு மேல், எகிப்தின் நாசர் ஏரியில் 2000இல் பிடித்தது.

ஆற்றில் பிடிக்க வேண்டுமென்றால் உகாண்டாவின் மர்ச்சிசன் அருவி. நைல் நதி மொத்தமும் ஏழெட்டு மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நுழைந்து நாற்பது மீட்டருக்கு மேல் கீழே விழுகிறது. அருவிக்குக் கீழே நுரை சுழலும் குளங்களில் பாறைமேல் நின்று பெரிய லூரையோ உயிர் மீனையோ வீச வேண்டும். அங்கே முதலைகள் பெரியவை. வனக்காவலர் இல்லாமல் தண்ணீர் ஓரத்தில் நிற்கக் கூடாது.

விக்டோரியா ஏரியிலும் நைல் பெர்ச் உண்டு, அது மனிதர்கள் 1950களில் கொண்டுபோய் விட்டது. அங்கே மட்டுமே வாழ்ந்த எத்தனையோ சின்ன சிக்லிட் மீன் இனங்கள் அழிந்துபோனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. எனவே அங்கே பிடித்தால் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம்.

சோப்புக்கட்டியைப் போட்டு மீன் பிடிப்பது உண்மையா?

உண்மை. வுண்டு என்ற ராட்சதக் கெளுத்தி, ஜாம்பேசியின் நன்னீர் மீன்களிலேயே மிகப் பெரியது, 50 கிலோ தாண்டும். துணி துவைக்கும் நீல சோப்பைத் துண்டாக வெட்டி முள்ளில் குத்தி ஆழத்தில் இறக்கினால் எடுக்கும். மாட்டிவிட்டால் கல்லில் மாட்டிய மாதிரி இருக்கும். அரை மணி, முக்கால் மணி என்று கையை முறிக்கும். புலிமீன் கடிக்காத மத்தியான வேளைக்கு நல்ல வேலை.

நீர்யானை, முதலை ஆபத்து எவ்வளவு?

இரண்டுமே நிஜமான ஆபத்து. தண்ணீரில் இறங்காதீர்கள், முழங்கால் ஆழம்கூட வேண்டாம். படகு ஓரத்தில் கையைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். மீன் கழுவுவது, கை கழுவுவது எல்லாம் வாளித் தண்ணீரில். நீர்யானை பகலில் ஆழத்தில் கிடக்கும், ராத்திரி கரையேறி மேயும். அதற்கும் ஆழமான தண்ணீருக்கும் நடுவில் நீங்கள் வந்துவிட்டால் அது சுற்றிக்கொண்டு போகாது. வழிகாட்டி படகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே போவது, நீர்யானை தலையைத் தூக்கித் தான் இருக்கும் இடத்தைக் காட்டவைக்கத்தான். அவர் 'இந்த வளைவில் வேண்டாம்' என்றால் அங்கே எவ்வளவு மீன் துள்ளினாலும் வாதாடாதீர்கள்.

தடுப்பூசி, மருந்து?

ஜாம்பேசி ஓரம் முழுக்க மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் பயணத்துக்கு முன்பே தொடங்குங்கள், திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாதீர்கள். தேங்கிய நீரில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் இருக்கிறது, தண்ணீரில் இறங்காமல் இருக்க அது இன்னொரு காரணம்.

உகாண்டா, காங்கோ, கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். விமானம் எந்த ஊர் வழியாகப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் நாடு பட்டியலில் இல்லாவிட்டாலும் வழியில் மாறும் நாடு இருக்கலாம்.

உள்ளூர் மக்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு மீன்தான் உணவு, மீன்தான் வருமானம். மலிவான நைலான் வலை வந்த பிறகு பல இடங்களில் ஆறு வெறிச்சோடிப் போயிருக்கிறது. கொசுவலையைக் குஞ்சு மீன் பிடிக்க இழுப்பதும் நடக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு மீன் சந்தையில் ஒரு முறை விலைபோகும், அதே மீன் ஆற்றில் இருந்தால் படகோட்டிக்கும் சமையல்காரருக்கும் வருடா வருடம் சம்பளம் வரும். அந்தப் பணம் அவர்கள் கைக்கே வந்து சேர வேண்டும்.

நமீபியாவில் ஊர் மக்களே நடத்தும் சிகுங்கா, இம்பாலிலா இயற்கைக் காப்பகங்கள் ஆற்றின் சில கிளைகளை மீன் காப்பிடமாக ஒதுக்கி, வலை போடத் தடை செய்து, ஊர்க்காரர்களையே காவலுக்கு வைத்திருக்கின்றன. விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நேராகக் கேளுங்கள்: நான் தரும் பணத்தில் ஊருக்குப் போவது எவ்வளவு, வழிகாட்டி இந்த ஊர்க்காரரா? தெளிவாகப் பதில் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

படகு எரிபொருளும் உள்நாட்டுச் சின்ன விமானமும்தான் பணத்தை விழுங்கும். சாலை வழியே போகக்கூடிய இடமாக, ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் அல்லது போட்ஸ்வானாவின் கசானேயிலிருந்து எட்டும் தூரத்தில் தேர்ந்தெடுத்தால் பாதிச் சுமை குறையும். கரிபாவில் நாலைந்து பேராகச் சேர்ந்து படகுவீடு எடுத்தால் தங்குமிடம், சாப்பாடு, சின்னப் படகு எல்லாம் ஒன்றாக முடிந்துவிடும். சாமான் முழுவதையும் புதிதாக வாங்க வேண்டாம். கம்பும் ரீலும் விடுதியில் தருவார்கள். கம்பி, முள், இடுக்கி மூன்றை மட்டும் நல்லதாக நீங்களே கொண்டுபோங்கள். இடுக்கியையும் அரத்தையும் மறக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

எத்தனை நாள் ஒதுக்கணும்?

தண்ணீரில் முழுசாக நாலு நாள், முடிந்தால் ஐந்து. ஒரு குளிர்காற்று வீசினாலே இரண்டு நாள் மீன் வாய் திறக்காது. முதல் நாள் பெரும்பாலும் கை பழகுவதற்கே போய்விடும். இரண்டாம் நாள் நிறைய தப்பவிடுவீர்கள். மூன்றாம் நாள்தான் வலைக்குள் வரத் தொடங்கும். சஃபாரிக்கு நடுவே ஒரே ஒரு மாலை மட்டும் தூண்டிலுக்கு என்று திட்டம் போட்டிருந்தால், அந்த மாலையைக் கெளுத்திக்கும் பிரீமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புலிமீனுக்கு இன்னொரு முறை வரலாம்.